ஏலமலைக் கல் பாதையில் நாலு வண்டி: ஏறவும், தங்கவும், இறங்கவும்

தேனி மாவட்டம் போடியிலிருந்து கேரளப் பக்கம் ஏலமலையில் இருக்கும் ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப்பை நான் 14 வருஷம் ஓட்டினேன். விடிகாலை நாலரைக்குக் கிளம்பி, போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி, சாந்தன்பாறைப் பக்கம் தோட்டத்துப் பாதையில் திரும்பும்போது பொழுது விடிந்திருக்கும். அந்தப் பாதையில் ஒரு கல் ஏற்றம் உண்டு. அங்கே வந்ததும் யாரும் சொல்லாமலேயே பெண்கள் எல்லாரும் தூக்குவாளியோடு இறங்கிவிடுவார்கள். அவர்கள் ஏறி முடிக்கும்வரை நான் இன்ஜினை அணைத்துவிட்டு, எந்தக் கல் ஆடுகிறது, எங்கே கால் வழுக்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மலையில் வண்டி ஓட்டுவதில் எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த ஐந்து நிமிஷங்களில் கற்றதுதான்.

இப்போது ஏலக்காய் வியாபாரத்தில் இருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு தை மாதமும், பொங்கல் முடிந்த வாரம், நண்பர்களும் குடும்பங்களுமாக நாலு வண்டியில் அதே மலைக்குப் போய் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வருகிறோம். என்னுடையது பழைய மஹிந்திரா ஜீப், எம்எம் 540. மற்றவை இரண்டு மஹிந்திரா தார், ஒரு மாருதி ஜிம்னி. "நாங்களும் இப்படிப் போக வேண்டும், எப்படிக் கிளம்புவது?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலை அனுமதி. வரைபடத்தில் ஒரு கோடு தெரிவதால் அது பொதுப் பாதை ஆகிவிடாது. ஏலமலையில் பாதி வழிகள் தோட்டக்காரர்களின் சொந்த வழி. மீதியில் பெரும்பகுதி வனத்துறையின் கையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநிலத்திலும் குற்றம், வண்டியையே பறிமுதல் செய்துவிடுவார்கள். கொழுக்குமலைக்குச் சொந்த வண்டியை ஏற்றலாம் என்று நினைத்து வந்து ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில், ஆனால் வண்டிப் பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாக மட்டும்தான். அதிலும் உள்ளூர் ஜீப்புக்குத்தான் அனுமதி. அப்படி ஒரு ஜீப்பில் ஒருமுறை உட்கார்ந்து போய்ப் பாருங்கள். அந்த ஓட்டுநரின் காலையும் கையையும் மட்டும் கவனியுங்கள். எந்த வகுப்பிலும் அதைவிட நன்றாகச் சொல்லித்தர மாட்டார்கள். ஜீப் சவாரிக்கு இடுக்கி மாவட்ட நிர்வாகம் அவ்வப்போது தடையும் கட்டுப்பாடும் போடும் என்பதால், கிளம்பும் வாரத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

நாங்கள் போவது தெரிந்த ஒருவரின் தோட்டத்து வழி. அவரிடம் ஒரு மாதம் முன்பே தேதி, வண்டி எண்கள், ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுவேன். கீழ்க் கேட்டுச் சாவி வைத்திருக்கும் சூப்பர்வைசர் அண்ணனிடமும் தனியாகப் பேசிவிடுவேன். நம்மை உள்ளே விடுவதும், நாம் இறங்கவில்லை என்றால் தேடி வருவதும் அவர்தான்.

காலம் தை, மாசிதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழையில் கல் பாதை ஓடையாகிவிடும், அட்டைக் கடியும் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னலோடு கொட்டும், மொட்டைப் பாறையில் அந்த நேரம் நிற்கவே கூடாது. மாசிக் கடைசியிலேயே போதைப்புல் என்கிற மலைப்புல் காய்ந்து தீக்குச்சிக்குக் காத்திருக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீ பரவி, நடைபயணம் வந்த 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்தப் புகையைப் போடியிலிருந்து பார்த்தவன் நான். அதனால் எங்கள் குழுவில் விறகுத் தீ கிடையாது. குளிர் காயக்கூட இல்லை. கேட்பவர்கள் முகம் வாடும்தான், இருந்தாலும் இதில் நான் இறங்கிவருவதில்லை.

எத்தனை வண்டி, யார் முன்னே, யார் பின்னே

மூன்றிலிருந்து ஐந்து வண்டி சரி. ஒற்றை வண்டியாகப் போகவே போகாதீர்கள், சிக்கினால் இழுக்க ஆள் வேண்டும். ஐந்துக்கு மேல் போனால் ஒவ்வொரு ஏற்றத்திலும் காத்திருந்தே பொழுது போய்விடும். பாதை தெரிந்தவர் முதலில், அனுபவம் உள்ள இன்னொருவர் கடைசியில். புதிதாக ஓட்டுபவரை இரண்டாவதாக வையுங்கள். முன்னே போகிற வண்டியின் டயர் எந்தக் கல்லில் ஏறியது என்பதை அவர் நேரடியாகப் பார்ப்பார்.

பாதை பிரியும் இடமெல்லாம் பின்னால் வரும் வண்டி கண்ணில் படும்வரை முன்வண்டி நிற்க வேண்டும். இது ஒன்றைக் கடைப்பிடித்தால் யாரும் வழி தவற மாட்டார்கள், போனில் சிக்னல் இல்லை என்ற கவலையும் வேண்டாம். ஹாரனுக்கு ஒரு பேச்சு வைத்துக்கொள்கிறோம்: ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் வா, விடாமல் அடித்தால் ஆபத்து. யானை நடமாட்டம் உள்ள இடத்தில் மட்டும் ஹாரன் கிடையாது, கைச்சைகைதான்.

வண்டி ஓட்டுகிற யாரும் அந்த இரண்டு நாளும் குடிக்கக் கூடாது. இதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வர வேண்டும்.

வண்டியில் என்ன வேண்டும்

நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் ஃபோர்வீல் டிரைவ் இருக்க வேண்டும், அதில் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ கியரும் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு வெறும் மண்ணில் லோ போட்டு ஓட்டிப் பாருங்கள். வருஷம் முழுக்கத் தொடாத லீவர் மலையில் இறுகி நிற்கும். வண்டியை முழுசாக நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, அப்புறம்தான் லோ போட வேண்டும்.

டயர் புதிதாக இல்லாவிட்டாலும் பக்கவாட்டில் வெட்டுக் காயம் இருக்கக் கூடாது. ரீட்ரெட் போட்ட டயர் வேண்டாம். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அப்புறம் 12 வோல்ட் காற்றடிக்கும் மெஷின், பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றழுத்தம் பார்க்கும் மீட்டர், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், கிளாம்ப், ஃபியூஸ், இன்ஜின் ஆயில் இரண்டு லிட்டர், எம்சீல், கட்டுக்கம்பி, டார்ச். ஜாக்கியோடு அதன் அடியில் வைக்க ஒரு அடிச் சதுரப் பலகையும் வேண்டும், இல்லாவிட்டால் மண்ணில் ஜாக்கி புதைந்து வண்டி உயராது. டயருக்குப் போட ஒரு வண்டிக்கு இரண்டு கட்டை. மலையேறும் லாரியில் கிளீனர் கையில் எப்போதும் ஒரு கட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதேதான். அரிவாளும் கோடாலியும் எடுத்து வராதீர்கள். வனத்துறைச் சோதனையில் அதற்குப் பதில் சொல்லி முடிக்க முடியாது.

டீசல், பெட்ரோல் கணக்கைக் கிலோமீட்டரில் போடாதீர்கள். எங்கள் தோட்டத்து வழி நாலே கிலோமீட்டர், ஏற இரண்டரை மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் இன்ஜின் லோ கியரில் உழைத்துக்கொண்டிருக்கும். டேங்க்கைப் போடியிலேயே நிரப்பிவிடுங்கள். மேல் கேரியரில் பாரம் ஏற்றாதீர்கள். சாய்வில் வண்டியைக் கவிழ்ப்பது அந்தப் பாரம்தான். கனமானதெல்லாம் உள்ளே, தரையோடு, கட்டி வைத்து.

கல்லில் ஏறுவது

தார் ரோடு முடியும் இடத்தில் காற்றைக் குறையுங்கள். 30, 32 பிஎஸ்ஐ என்று இருப்பதை ட்யூப்லெஸ் டயராக இருந்தால் 20 வரை இறக்கலாம். டயர் மிருதுவாகிக் கல்லைக் கவ்விப் பிடிக்கும், உள்ளே இருப்பவர்களுக்குக் குலுக்கலும் பாதியாகும். அதற்கும் கீழே போனால் கூர்க்கல் பக்கவாட்டில் வெட்டிவிடும். பழைய ஜீப்பில் ட்யூப் போட்ட டயர் என்றால் அவ்வளவு குறைக்கக் கூடாது. காற்று குறைந்தால் ட்யூப் ரிம்மில் சுற்றி, வால்வு அறுந்துவிடும். என் வண்டிக்கு நான் 25க்குக் கீழே இறக்குவதில்லை.

அப்புறம் இறங்கி நடக்க வேண்டும். ஒவ்வொரு கல் ஏற்றத்துக்கும், ஒவ்வொரு வருஷமும். ஐந்து வருஷம் முன்பு, நூறு தடவை ஏறிய இடம்தானே என்று நடக்காமல் ஏற்றினேன். இடையில் போன மழைக்காலத்தில் படிக்கல்லுக்குக் கீழே இருந்த மண் அரித்துப் போயிருந்தது. முழங்கால் அளவு இருந்த படி தொடை அளவு ஆகியிருந்தது. முன்சக்கரம் ஏறிவிட்டது, நடுவயிறு கல்லில் உட்கார்ந்தது. கியர்பாக்ஸ் அடித்தட்டு கீறி, ஆயில் பாறையில் ஒழுகி ஓடியது. சோப்பும் எம்சீலும் வைத்து அடைத்து இறக்குவதற்குள் இருட்டிவிட்டது. என் பின்னால் மூன்று குடும்பம் குளிரில் நின்றது. அதை நான் மறக்கவில்லை.

நடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கால் தேடுவது கல்லுக்கு இடையே உள்ள பள்ளத்தை. டயருக்கு வேண்டியது கல்லின் உச்சி. பெரிய கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுப் போகத்தான் மனசு சொல்லும். அப்படிப் போனால் ஆக்ஸில் நடுவே குண்டாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் அந்தக் கல்லில் இடிக்கும். அதே கல்லின் மேல் டயரை ஏற்றினால் ஆக்ஸிலும் சேர்ந்து உயர்ந்துவிடும். வண்டிக்குக் கீழே குனிந்து, எந்தப் பாகம் எல்லாவற்றையும்விடத் தாழ்வாக இருக்கிறது, அது இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்த்து மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடுகிற கல்லுக்கு அடியில் சின்னக் கல் செருகி இறுக்குங்கள். உயரப் படிக்கு முன்னால் இரண்டு கல் அடுக்கி மேடு கட்டுங்கள். ஏறி முடித்ததும் கடைசி ஆள் அதைப் பிரித்து ஓரமாகப் போட்டுவிட வேண்டும், அடுத்து நடந்து வருபவர் தடுக்கி விழக் கூடாது. நிழலில் கறுத்து மினுங்கும் பாறை பாசி பிடித்தது. செருப்பு வழுக்கினால் டயரும் வழுக்கும்.

கைகாட்டுவதற்கு ஒரே ஒரு ஆள். நாலு பேர் நாலு பக்கம் கத்தினால் ஓட்டுபவருக்கு எதுவும் விளங்காது. கைகாட்டுபவர் ஓட்டுநரின் கண்ணில் படும்படி மேலே, ஓரமாக நிற்க வேண்டும். வண்டிக்குப் பின்னால், இறக்கத்தில், குழந்தை உட்பட ஒருவரும் நிற்கக் கூடாது. ஒரு வண்டி ஏறி மேலே சமதரையில் நின்ற பிறகுதான் அடுத்தது கிளம்பலாம்.

ஸ்டியரிங்கில் கட்டைவிரலை உள்பக்கம் கோத்துப் பிடிக்காதீர்கள். கல்லில் சக்கரம் திடீரென்று திரும்பினால் ஸ்டியரிங் சுழன்று விரலை ஒடித்துவிடும், பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய ஜீப்பில் இது சர்வசாதாரணம். லோவில் முதல் கியர் போட்டு, கிளட்ச்சிலிருந்து காலை முழுசாக எடுத்துவிடுங்கள். ஆள் நடக்கிற வேகத்துக்கும் குறைவாக வண்டி தானே ஊர்ந்து ஏறும். சக்கரம் சுழன்றால் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் விட்டுவிடுங்கள். ஒரு அடி பின்னால் வந்து, ஒரு சாண் தள்ளி மறுபடி முயன்று பாருங்கள்.

நடு ஏற்றத்தில் இன்ஜின் நின்றால் பதற வேண்டாம். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ரிவர்ஸ் கியர் போட்டு, ஸ்டார்ட் செய்து, இன்ஜின் பிடியிலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள். அங்கேயே வண்டியைத் திருப்பப் பார்த்தால் குறுக்கே நின்று உருண்டுவிடும். பக்கச் சாய்வில் வண்டி சறுக்க ஆரம்பித்தால் ஸ்டியரிங்கைப் பள்ளத்துப் பக்கம் திருப்ப வேண்டும். மனசு மேட்டுப் பக்கம்தான் இழுக்கும். இதை வீட்டில் இருக்கும்போதே நாலு தடவை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கிய வண்டியை இழுப்பதில்தான் எனக்குப் பயம் அதிகம். ஒருமுறை எங்கள் குழுவில் கயிற்றைப் பம்பரில் மாட்டி இழுத்தார்கள். பம்பர் பிய்த்துக்கொண்டு பறந்து, முன்வண்டியின் பின் கண்ணாடியை நொறுக்கியது. அந்தச் சீட்டில் ஐந்து நிமிஷம் முன்பு வரை ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். கயிறு மாட்டுவதற்கு சேசிஸோடு சேர்ந்த கொக்கி மட்டும்தான். இழுக்கும்போது இரண்டு வண்டியிலும் ஓட்டுநரைத் தவிர யாரும் இருக்கக் கூடாது. கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளித்தான் மற்றவர்கள் நிற்க வேண்டும். கயிற்றின் நடுவே ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள், அறுந்தாலும் அது கயிற்றைக் கீழே இழுத்துவிடும். கயிற்றோடு கயிறு சேர்க்க நடுவில் இரும்பு வளையம் போடவே கூடாது, அது துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும்.

தங்குவது

மூன்று மணிக்கு மேல் வண்டி நகரக் கூடாது என்பது எங்கள் கணக்கு. தை மாதத்தில் மலையில் சீக்கிரம் மங்கிவிடும், பனிமூட்டம் வந்தால் பத்தடி தெரியாது. அந்த மணிக்குள் மேலே சேர முடியாது என்று தோன்றினால் திரும்பிவிட வேண்டும். திரும்பச் சொல்லும் அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அவர் சொன்னால் பேச்சு கிடையாது.

நாங்கள் கூடாரம் போடுவது தோட்டத்து ஏலக்காய் ஸ்டோருக்குப் பக்கத்துச் சமதரையில், பாறை விளிம்பில் இல்லை. விளிம்பில் கம்பம் பள்ளத்தாக்கு முழுசும் விளக்குகளாகத் தெரியும், அங்கே தூங்க எல்லாருக்கும் ஆசைதான். ஆனால் போடிக் கணவாய்க் காற்று ராத்திரியில் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். விளிம்புக்கு சாயங்காலம் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்து படுங்கள்.

அதைவிடப் பெரிய காரணம் யானை. சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கம் அரிக்கொம்பனைத் தெரியாதவர்கள் இல்லை. அரிசிக்காக ரேஷன் கடையையும் வீட்டையும் உடைத்ததால் வந்த பெயர் அது. 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அடுத்த மாதமே கம்பம் ஊருக்குள் வந்து நின்றது. ஜூனில் தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. அந்த ஒரு யானை போய்விட்டது, மற்றவை அங்கேதான் இருக்கின்றன. அவற்றின் வழியில்தான் நாம் படுக்கப் போகிறோம். அதனால் அரிசி, உப்பு, வெல்லம், வாழைப்பழம் எதையும் கூடாரத்திலோ வண்டியிலோ வைக்காதீர்கள். நாங்கள் எல்லாவற்றையும் ஸ்டோருக்குள் பூட்டிவிடுவோம். கூடாரம் போடும் முன் சுற்றி நடந்து பாருங்கள். புதுச் சாணம், மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் உரசிய சேறு, முறிந்து கிடக்கும் ஏலத்தட்டை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இடத்தை மாற்றுங்கள். வண்டிகளின் மூக்கு வெளியேறும் பக்கம் இருக்கட்டும், சாவி தெரிந்த இடத்தில் தொங்கட்டும். யானை வந்தால் ஹாரன், டார்ச், கூச்சல் எதுவும் வேண்டாம். அமைதியாக எல்லாரும் ஸ்டோருக்குள்.

சாப்பாட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் நாள் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் வீட்டிலிருந்தே வந்துவிடும். இரண்டாம் நாள் பூப்பாறையில் வாங்கிய மரவள்ளிக்கிழங்கை அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்துத் தொட்டுக்கொள்வோம். கட்டன் சாயா எந்நேரமும் உண்டு. எல்லாம் கேஸ் அடுப்பில். கருவாடு வேண்டாம், அதன் வாசனை எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல முடியாது.

ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். குடிக்காதீர்கள், கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள். ஏலத்துக்கு அடிக்கடி பூச்சிமருந்து அடிப்பார்கள், மேலே அடித்தது ஓடையில்தான் இறங்கும். மருந்து கொதியில் போகாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் கணக்கில் கீழேயிருந்து கொண்டுவாருங்கள். அதே ஓடைதான் கீழே தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் போகிறது. அதனால் பாத்திரம் கழுவுவதோ சோப்புப் போடுவதோ ஓடையில் கூடாது. மலம் கழிக்க, ஓடையிலிருந்து எழுபதடியாவது நடந்தால் போதும் என்று முன்பு நினைத்தோம், இப்போது இருநூறு அடி தள்ளித்தான். ஒரு சாண் ஆழம் குழி தோண்டி மூட வேண்டும். குழந்தைகளுக்கான நாப்கின் எல்லாம் பையில் கட்டி நம்மோடு கீழே வர வேண்டும்.

ராத்திரி நல்ல குளிர். கம்பளியும் தரையில் விரிக்கத் தடித்த பாயும் வேண்டும், குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். கரியடுப்பைக் கூடாரத்துக்குள் எடுத்துப் போகாதீர்கள். கண்ணாடியை மூடி இன்ஜினை ஓடவிட்டு வண்டியில் தூங்கவும் கூடாது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

பாம்பு கடித்தால் வாயால் உறிஞ்சுவது, கத்தியால் கீறுவது எல்லாம் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கையையோ காலையோ ரத்த ஓட்டம் நிற்கும்படி இறுக்காமல், அசையாதபடி மட்டும் கட்டி, உடனே இறக்குங்கள். சிக்னல் கிடைத்ததும் 108, இரண்டு மாநிலத்துக்கும் அதே எண்தான். இதற்காகவே, கிளம்ப வசதியாக ஒரு வண்டியை சாமான் இறக்கி, காலியாக வைத்திருப்போம்.

இறங்குவது

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் விபத்து அதிகம் பார்த்திருக்கிறேன். லோவில் முதல் கியர், இன்ஜின் பிடியில் இறங்க வேண்டும். பிரேக்கை லேசாகத் தொடலாம், கிளட்ச்சைத் தொடவே கூடாது. எங்கள் குழுவில் புதுத் தார் எடுத்த நண்பர் ஒருவர், வேகம் கூடுகிறதே என்று பயந்து கிளட்ச்சையும் சேர்த்து மிதித்தார். இன்ஜின் பிடி விட்டதும் வண்டி எட்டடி பாய்ந்து, பக்கத்துப் பாறையில் கதவு நசுங்கி நின்றது. மறுபக்கம் இருந்தது பள்ளம். அன்றிலிருந்து, புதிதாக வருபவர் முதல் இறக்கத்தில் இடது காலை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டோம்.

ரோட்டுக்கு வந்ததும் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். குறைந்த காற்றோடு போடிமெட்டு வளைவுகளில் இறங்கினால் டயர் சூடேறிக் கிழியும், வளைவில் வண்டியும் தள்ளாடும். வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள், கல்லில் குலுங்கியதில் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும். குனிந்து பிரேக் ஹோஸ், ஆயில் ஒழுகல், டயர் பள்ளங்களில் செருகிய கல் பாருங்கள். நாலு வண்டிக்கும் இது முடிய அரை மணி நேரம் ஆகும். அதற்குள் யாராவது டீ சொல்லியிருப்பார்கள்.

டீ வருவதற்குள் நான் சூப்பர்வைசர் அண்ணனுக்குப் போன் போட்டுவிடுவேன். "அண்ணே, நாலு வண்டியும் இறங்கியாச்சு, பதினாலு பேரும் இருக்கோம்" என்று சொன்ன பிறகுதான் அவர் கீழ்க் கேட்டைப் பூட்டுவார்.